கொட்டகைக்கு எட்டாத அலை

வீட்டுக் கூடத்தில் வைத்த வைஃபைப் பெட்டி வீட்டிலுள்ளார் அனைவருக்கும் இணையத்தை வழங்குகிறது. ஆனால் தோட்டத்தின் கோடியில், நாற்பது மீட்டர் தொலைவிலுள்ள கொட்டகைக்குச் சென்றதும் கைப்பேசி வாயடைத்துப் போகிறது. வீட்டுச் சந்தடியினின்று விலகி அங்கே பாடம் படிக்க விரும்பும் மாணவனுக்கும், அங்கே தையற்பொறி வைத்துத் தொழில் நடத்துவோர்க்கும் இது பெருங்குறையே. இதற்குக் காரணம் யாது?

வைஃபை அலை வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. நீளந்தான் மிகக் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். திறந்த வெளியிலேயே தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். எஞ்சியதில் ஒரு பகுதியைச் செங்கற்சுவர் விழுங்கும். தகரமோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நாற்புறமும் தகரம் அடித்த கொட்டகைக்குள் அலை நுழைவது அரிது.

பெட்டியின் ஆற்றலைக் கூட்டினால் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது. மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுபவரின் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும். ஆங்கிருப்பவர் மெல்லக் கூறும் மறுமொழி மேடைக்குக் கேளாது. இணையமோ இருவர் உரையாடல் போன்றது. கைப்பேசியின் மெல்லிய அலை வீட்டுக்குத் திரும்பிவராவிடில் பயனில்லை.

கடைகளில் விற்கும் அலைநீட்டிப் பெட்டியைப் பலர் கொட்டகைக்குள்ளேயே மாட்டிவிடுகின்றனர். தனக்கே கேளாத செய்தியை அது எங்ஙனம் திருப்பிச் சொல்லும்? அலை ஓரளவு வலுவாயுள்ள இடைவழியில் அதனை வைத்தல் வேண்டும். அப்பொழுதும், ஒரே அலைவரிசையில் கேட்டுக் கேட்டு மீண்டும் சொல்ல வேண்டியிருப்பதால், வேகம் ஏறக்குறையப் பாதியாகும்.

கொட்டகை வரை கம்பி இழுத்து, அதன் முனையில் மற்றொரு வைஃபைப் பெட்டியை வைப்பதே நம்பத்தக்க முறை. தாமிரக் கம்பி 100 மீட்டர் வரை செய்தியைச் சுமக்கும். ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. அருகில் இடி விழுங்கால் இரு கட்டடங்களின் தரைகளுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றலாம். அப்பொழுது கம்பி வழியே பாயும் மின்சாரம் கருவிகளை எரிக்கும். அவற்றைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிருக்கும் ஊறு விளைவிக்கும். ஆதலின் தனித்தனிக் கட்டடங்களுக்கிடையே, உலோகம் கலவாத கண்ணாடியிழைக் கம்பியே ஏற்றது. அதனுள் ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. இரு முனைகளிலும் ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு கருவி வேண்டும். இச்செலவைப் பார்த்துப் பின்வாங்குதல் அறிவுடைமை அன்று.

பள்ளம் தோண்ட இயலாவிடில், இரு கட்டடங்களின் வெளிச்சுவர்களிலும் ஒன்றையொன்று நோக்கும் திசை அலைவாங்கிகளைப் பொருத்தலாம். இடையே மரம் நிற்றலாகாது. நீர் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சிவிடும்.

கம்பியைப் புதைத்தவர், அது செல்லும் தடத்தைக் கல் நட்டுக் குறித்து வைத்தல் நன்று. இல்லையேல் வாழைக்குக் குழி வெட்டும் மண்வெட்டி ஒரு நாள் அதனை அறுத்துவிடும்.