கடைசிப் பாடத்தில் ஒரு விளையாட்டு

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் இறுதிப் பாடம் 'காட்சித் தொடர்பு'. அசைவூட்டப் படங்களையும் கணினி விளையாட்டுகளையும் எளிதில் உருவாக்க உதவும் ஸ்கிராட்ச் மென்பொருள் அதில் அறிமுகமாகிறது. ஆம்பூரில் உறவினர் வீட்டு மாணவி ஒருத்தியிடம் அதுபற்றிக் கேட்டேன். மேடை, ஸ்பிரைட், ஸ்கிரிப்ட் எடிட்டர் என்று மூன்று பகுதிகளையும் தடையின்றி ஒப்பித்தாள். அந்த மென்பொருளை அவள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது ஸ்கிராட்ச். வண்ணக் கட்டைகளைப் போன்ற கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் தயார். விலையில்லை, நிறுவியபின் இணைய இணைப்பும் தேவையில்லை.

அம்மாணவியின் தாய் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் பணிபுரிபவர். பதனிட்ட தோல் துணியைப் போல் சீரானதன்று. ஓரங்கள் நெளிந்திருக்கும், முள் கீறிய வடுவும் உண்ணி கடித்த தடமும் இருக்கும். அவற்றை விலக்கி, துண்டுகளை நெருக்கமாக அமைத்து வெட்ட வேண்டும். சதுர அடிக் கணக்கில் விலைபோகும் பொருள். வீணாகும் ஒவ்வொரு விரற்கடையும் நட்டம். இதைவிட நல்ல புதிர் விளையாட்டு ஏது? "அம்மா செய்யும் வேலையையே விளையாட்டாக்கிப் பார்" என்றேன்.

என் பழைய மடிக்கணினியில் தோலை வரைந்து, வடுக்களுக்குச் சிவப்பு தீட்டினாள். துண்டு சிவப்பைத் தொட்டால் மதிப்பெண் குறையும். தொடாவிட்டால் பத்து கூடும். முதல் ஆட்டம் ஒழுங்காக ஓடியது. இரண்டாவது ஆட்டமோ நாற்பதிலிருந்து தொடங்கியது. "கணினி கெட்டுப்போச்சு தாத்தா" என்றாள். சற்று நேரத்தில், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மதிப்பெண்ணைச் சுழியமாக்க வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்தாள். நிரலில் 'மாறி' என்பது, மாற்றச் சொல்லும்வரை பழைய மதிப்பையே வைத்திருக்கும். இதை விளக்க வகுப்பில் நான் அரைமணி நேரம் பேசியிருப்பேன். அதன்பிறகும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

மாலையில் வேலைமுடிந்து வந்த தாய் திரையைப் பார்த்துவிட்டு, "இடது, வலது ரெண்டும் ஒரே நிறமா இருக்கணுமே, ஜோடி பாக்கலையா?" என்றார். நிரலுக்கு மற்றொரு நிபந்தனை கிடைத்தது. கணினியைத் தொட்டறியாத அவர்தாம் அன்று ஆசிரியர்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுப்போர் பைத்தான் மொழியில் சந்திப்பதும் இதே மாறியையும் நிபந்தனையையும்தான். கல்வித் துறைக்கு என் கோரிக்கை சிறியது: பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் வரும் இப்பாடத்தை ஜூன், ஜூலைக்கு மாற்றி, ஆய்வகத்தில் நான்கு பாடவேளைகள் ஒதுக்குங்கள். ஒரு மதிப்பெண் வினா வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.