மனரம்மியம்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்களைத் தில்லி இரயில் நிலையங்களில் நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஆட்களைவிடப் பெட்டிகளே மிகுதி. வெளிமாநிலம் சென்றவன் வென்றானா தோற்றானா என்பதை ஊர் அப்பெட்டிகளைக் கொண்டே கணிக்கிறது. நாளடைவில் நாமும் நம்மை அவ்வாறே கணிக்கப் பழகிவிடுகிறோம். வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரம் நம் கண்ணில் முதலிற்படுவது இதனாலன்றோ!

இந்நிலையில், புனித பவுல் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தை வாசித்தல் தகும். பிலிப்பி, மாசிதோனியாவிலிருந்த ரோமக் குடியேற்ற நகரம். பொற்சுரங்கங்களை அடுத்தது, கி.மு. 42-இல் நிகழ்ந்த போருக்குப்பின் ரோமப் படைவீரர் குடியமர்த்தப்பெற்றது. செல்வமும் குடியுரிமையும் அங்கே பெருமைக்குரியன. அச்சபைக்கு முதலில் தன் இல்லத்தைத் திறந்த லீதியாளும் இரத்தாம்பரம் விற்ற வணிகப் பெண்மணியே, தியத்தீராவிலிருந்து வந்தவர், நம்மைப்போல் அயலூரார்.

பவுலோ அப்போது சிறையில் இருந்தார். அக்காலத்துக் கைதிகள் பலருக்கு உணவும் உடையும் நண்பர் அனுப்பினால்தான் உண்டு. பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்து என்பவர்வழி உதவி அனுப்பினர். அதற்கு நன்றி கூறுமிடத்திலேதான், எந்நிலையிலும் நிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார்.

சொற்களோடு நாளெல்லாம் மல்லாடும் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இவ்விடம் சுவையானது. அவர் கையாண்ட கிரேக்கச் சொல் ‘அவுத்தார்க்கேஸ்’. தனக்குத் தானே போதுமானவன் என்பது பொருள். எவரையும் எதிர்பாராத ஞானியைக் குறிக்க ஸ்தோயிக்கர் போற்றிய சொல் அது. பவுல் அதனை எடுத்துத் தலைகீழாக்கினார்: தம் வலிமை தம்முடையதன்று, கிறிஸ்துவினுடையது என்றார். பழைய தமிழ் வேதாகமம் இதனை ‘மனரம்மியம்’ என்றது. தற்சார்பின் செருக்கு அதில் இல்லை. நல்ல மொழிபெயர்ப்பென்றே கருதுகிறோம்.

‘கற்றுக்கொண்டேன்’ என்பதையும் கவனிக்க வேண்டும். அது பிறவிக்குணமன்று, பழகிப் பெற்றது. குறைவில் இருக்கக் கற்றதோடு, நிறைவில் இருக்கவும் கற்றதாக அவர் கூறுகிறார். முன்னதை நம் பெற்றோர் நமக்குக் கற்பித்தனர். பின்னதைக் கற்பிப்பார் இல்லாமலே நாம் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டோம். தம் குலப்பெருமையையும் கல்வியையும் நஷ்டமென்று பவுல் எண்ணியது அவை தீயன என்பதனால் அன்று. தம் மதிப்பு கிறிஸ்துவிடம் ஏற்கெனவே கொடையாகக் கிடைத்துவிட்டது என்பதனால். அங்ஙனம் கிடைத்ததைப் பொருள் வாங்கி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை.

கூலியைப் பிடித்துக்கொண்டு கூலியாளுக்குத் திருப்தியைப் போதிப்பாருக்கு இதில் இடமில்லை. அறுவடைக்காரரின் கூலியை நிறுத்திய செல்வரை யாக்கோபின் நிருபம் கடிந்துரைப்பதை அவர்கள் வாசிக்கட்டும்.

உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகுந்தறுவாய்வரை நோயுற்றார். அச்செய்தி ஊருக்கு எட்டிவிட்டதே என்றுதான் அவர் மிகவும் வருந்தினாராம். வெளியூரில் காய்ச்சலிற் கிடந்தவர்களுக்கு இவ்வருத்தம் விளங்கும். அவரைத் திருப்பி அனுப்பும் பவுல், மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்கும்படி ஊராரை வேண்டுகிறார். அவர் என்ன கொண்டுவருகிறார் என்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.