இரண்டாம் வாய்ப்பும் ஒரு திரைப்படமும்

“ஐயா, ‘ஓ மை கடவுளே’ படத்தைப் பார்க்கலாமா?”

லிங்கராஜபுரத்தில் ஓர் இல்லத்தில் குடும்ப ஜெபக்கூட்டம் முடிந்து, தேநீர் பரிமாறப்பட்ட வேளையில் இக்கேள்வி எழுந்தது. கேட்டவர், திருமணமாகி ஓர் ஆண்டுகூட நிறைவடையாத சகோதரி. அருகில் நின்ற கணவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானஸ்நானம் பெற்ற நாளோடு திரையரங்கின் வாசலை மறந்தவர்கள் நம் பெற்றோர். அந்த வைராக்கியத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் இன்று திரையரங்கு படுக்கையறைக்குள்ளேயே வந்துவிட்டது. எனவே, பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது நேர்மையன்று என்று கருதி, முழுப் படத்தையும் பார்த்தேன்.

அஷ்வத் மாரிமுத்து இயக்கி, 2020 பிப்ரவரி 14 அன்று வெளியான காதல் நகைச்சுவைப் படம் அது. அர்ஜுனும் அனுவும் சிறுவயது நண்பர்கள். ஒருநாள் பப்பில் அமர்ந்திருக்கையில், தன்னை மணந்துகொள்ளும்படி அனு கேட்கிறாள். அவனும் யோசியாமல் சம்மதிக்கிறான். நட்பு இல்லறமாக மாற மறுக்கிறது. பள்ளிக்கால அறிமுகமான மீரா மீண்டும் எதிர்ப்படுகிறாள். சந்தேகமும் சண்டையும் பெருகி, இருவரும் விவாகரத்து கேட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். அவ்வேளையில் கடவுள் வருகிறார், விஜய் சேதுபதியின் உருவில்! ஒரு தங்கச் சீட்டைக் கொடுத்து, அர்ஜுனைக் கடந்த காலத்துக்கே திருப்பி அனுப்புகிறார். இம்முறை அவன் அனுவை மணக்காமல் வாழ்ந்து பார்க்கலாம்.

பெங்களூரு வாசகர்களில் பலர் இக்கதையைக் கன்னடத்தில் அறிந்திருப்பார்கள். ‘லக்கி மேன்’ என்ற பெயரில் 2022 செப்டம்பரில் இங்கே வெளியானது. அதில் கடவுளாகத் தோன்றியவர் புனித் ராஜ்குமார். அவரோ 2021 அக்டோபர் 29 அன்றே, 46 வயதில் மரித்துப்போயிருந்தார். அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டதை இந்நகரம் மறக்கவில்லை. மண்ணுக்குள் போய்விட்ட ஒருவர், வேறொருவனுக்கு வாழ்வைத் திரும்பத் தரும் கடவுளாகத் திரையில் சிரிப்பதைப் பார்க்கையில், நகைச்சுவை என்பதை மறந்து மனம் கனத்துப்போகிறது.

தமிழ்ப் படத்தில் என்னை நிறுத்தியது வேறொரு பாத்திரம். அனுவின் தந்தை பால்ராஜ். (நம் சபைகளில் பெஞ்சுக்கு ஒரு பால்ராஜ் உண்டு அல்லவா!) எம். எஸ். பாஸ்கர் நடித்திருக்கிறார். கழிப்பறைக் கோப்பைகள் செய்யும் தொழிற்சாலை அவருடையது. மருமகனான அர்ஜுனுக்கு அங்கே தரப் பரிசோதனை வேலை. அதை அவன் அவமானமாக எண்ணி, மாமனாரையும் ஏளனமாகப் பார்த்தவன். இரண்டாம் வாழ்வில், மருமகனாக அல்லாமல் வேற்று மனிதனாக நின்று கேட்கும்போதுதான், அத்தொழிலின்மேல் அம்மனிதர் வைத்திருக்கும் பற்று அவனுக்குப் புரிகிறது. அனுவையும் அப்படியே புதிதாகக் காண்கிறான். மனைவி மாறவில்லை, அவன் பார்க்கத் தொடங்கினான்.

இந்நகரத்தில் நம் இளம் தம்பதியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு இரவுப் பணி, மற்றவருக்குப் பகல் பணி. சண்டையை விலக்க அத்தையோ சித்தப்பாவோ பக்கத்துத் தெருவில் இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரையொருவர் முழுதாய்ப் பார்க்காமலே மாதங்கள் கழிகின்றன. அவர்களுக்கு இப்படம் ஒரு கண்ணாடிதான்.

ஆயினும் படத்தின் கடவுள் நம் தேவன் அல்லர். குடிக்காட்சிகளும் உண்டு, சிறுபிள்ளைகளை அருகில் வைத்துப் பார்க்கத் தக்கதன்று. பெயர்களைக் கொண்டு பார்த்தால் இரு வேறு மார்க்கத்துக் குடும்பங்கள். அதைப்பற்றிப் படம் பெரிதாகக் கவலைப்படவுமில்லை. இவற்றைவிட எனக்கு நெருடலானது அந்தத் தங்கச் சீட்டு. நடந்தது நடவாததாகும் என்பது இனிமையான பொய். பேதுரு கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்தான். அந்த இரவு அவனுக்குத் திருப்பித் தரப்படவில்லை. திபேரியா கடற்கரையில் வேறொரு கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது. மூன்று முறை மறுத்தவனிடம் மூன்று முறை அன்பைக் குறித்துக் கேட்கப்பட்டது. மறுத்த நினைவோடேதான் அவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. யோவான் 18-ஆம், 21-ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். வார்த்தையால் துணையைக் காயப்படுத்திய எவருக்கும் அந்தச் சீட்டு கிடைக்கப்போவதில்லை; அதே வீட்டில், அதே காயத்தோடு, மன்னிப்பைக் கேட்கத்தான் வேண்டும்.

இதையே அச்சகோதரியிடம் சொன்னேன். “தனித்தனியே பார்க்க வேண்டாம் அம்மா. இருவரும் ஒன்றாக அமர்ந்து பாருங்கள். பால்ராஜ் பேசும் காட்சி முடிந்ததும் சற்று நிறுத்திவிட்டு, ‘உன்னைப்பற்றி நான் இன்னும் அறியாதது என்ன?’ என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.”

கணவர் அப்போதுதான் கைபேசியிலிருந்து தலையை உயர்த்தினார்.

“படம் எவ்வளவு நேரம் ஐயா?”

“ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் தம்பி.”

இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை எப்போது வருகிறதென்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.