பிள்ளையின் சொல்லுக்கு எவ்வளவு எடை?

நீதிமன்றப் படிகள் – 7

சென்ற வாரம் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையைப் பார்த்தோம். உடலில் காயம் எதுவும் இல்லை என்று அந்த அறிக்கை சொல்லிவிட்டது, கண்டவர்களும் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாலியல் குற்ற வழக்கில் மிஞ்சுவது பிள்ளையின் வாய்ச்சொல் மட்டும்தான். அதை மட்டும் நம்பி ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம் என்கிறது சட்டம். ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் இல்லை. 134ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. 118ஆம் பிரிவும் சாட்சிக்கு வயதெல்லை போடவில்லை. கேட்கும் கேள்வி விளங்கி, அதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்லத் தெரிந்தால் ஆறு வயதுப் பிள்ளையும் சாட்சிதான். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் ஆண்டு, பொய் சொல்வது சரியா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு நீதிபதி அதை முதலில் தெரிந்துகொள்வார்.

நமது சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பிரிவு இலக்கங்கள்கூடப் பெரும்பாலும் அவையே. அதனால்தான் இந்தியத் தீர்ப்புகள் இங்கும் எடுத்துக்காட்டப்படுகின்றன. 1951 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ராமேஷ்வர் வழக்கில் பாதிக்கப்பட்டவள் எட்டு வயதுச் சிறுமி. சத்தியத்தின் பொருள் அவளுக்கு விளங்காது என்று விசாரணை நீதிபதி கருதியதால், சத்தியம் செய்யாமலே சாட்சி சொன்னாள். அது குறையாகாது என்று நீதியரசர் விவியன் போஸ் தீர்ப்பளித்தார். நடந்ததைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் அவள் தாயிடம் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னதே 157ஆம் பிரிவின்படி அவளுடைய சாட்சியத்துக்கு ஒத்துறுதிச் சான்று என்றும் ஏற்றுக்கொண்டார். அதே 157 நமது சட்டத்திலும் இருக்கிறது. பிள்ளை முதன்முதலில் யாரிடம், எப்போது, என்ன சொன்னது என்பது வழக்கில் எவ்வளவு பெரிய விடயம் என்பது இதிலிருந்து விளங்கும்.

நமது மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் சுனில் வழக்கு 1986ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியானது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் சொல்லை ஒத்துறுதியின்றி ஏற்பது ஆபத்தானது என்று எச்சரித்த அந்தத் தீர்ப்பு, அந்தச் சொல் நம்பும்படி இருந்தால் அது மட்டுமே போதும் என்றும் சொன்னது. அதற்கு மறுபக்கமும் உண்டு: நம்ப முடியாத சாட்சியத்தை ஒத்துறுதியைக் கொண்டு முட்டுக்கொடுத்து நிறுத்த முடியாது, அப்படியானால் எதிரியை விடுவிக்கத்தான் வேண்டும்.

தாமதமாகச் சொல்வது இன்னொரு சிக்கல். சுமணசேன வழக்கு (1999) கொலை வழக்குத்தான். ஆனால் அதில் சொன்ன விதி இங்கும் பொருந்தும். சாட்சி பிந்திச் சொன்னார் என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது. ஏன் பிந்தினார் என்று பார்க்க வேண்டும். கெடுத்தவன் அதே லயத்தில் இருக்கும் மாமாவாகவோ, வீட்டுக்கு அரிசி வாங்கித் தருபவனாகவோ இருந்தால், பிள்ளை வாய் திறக்க மாதங்கள் ஆவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது வழக்குகள் எங்கே சறுக்குகின்றன? நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டம் ஒன்றை வைத்து ஓர் உதாரணம் சொல்கிறேன், ஆட்கள் கற்பனை. "அம்மா கொழுந்து நிறுக்கப் போன நேரம்" என்கிறாள் ஏழு வயதுச் சிறுமி. அவளுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது; தாய் பிரட்டுக்குப் போவதும் கொழுந்து நிறுப்பதும்தான் அவளுடைய நேரம். பொலிஸ் நிலையத்தில் அது சிங்களத்தில் "மு.ப. 10.30" என்று பதிவாகிறது. சில ஆண்டுகளுக்குப் பின் வழக்கு கண்டி மேல் நீதிமன்றத்தில் விளக்கத்துக்கு வருகிறது. இப்போது அவள் பெரிய பிள்ளை. "பின்னேரம்" என்கிறாள், மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்கிறார். எதிரியின் சட்டத்தரணி எழுந்து முரண்பாடு என்று காட்டி, "வி 1" என்று அடையாளமிடுகிறார்.

இந்த முரண்பாட்டைப் பெற்றெடுத்தது பிள்ளை அல்ல, குறிப்புப் புத்தகம். குஜராத்தின் போகின்பாய் வழக்கில் (1983) பாதிக்கப்பட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். சாட்சியின் நினைவு வீடியோ நாடா அல்ல, நேரத்தையெல்லாம் மனிதர்கள் உத்தேசமாகத்தான் சொல்வார்கள் என்று நீதியரசர் தக்கர் அதில் எழுதினார். இலங்கை நீதிமன்றங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. முரண்பாடு குற்றச்சாட்டின் வேரைத் தொடுகிறதா என்றுதான் நீதிபதி பார்க்க வேண்டும். நேரம் மாறுவது ஒன்று, ஆள் மாறுவது வேறு.

பொலிஸ் வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும், அல்லது சொன்னவருக்கு விளங்கும் மொழியில் விளக்க வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன் சாட்சியமாக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஒலி, ஒளி இணைப்பு மூலம் வேறிடத்திலிருந்து சாட்சி சொல்ல 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது; அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் இடமளிக்கிறது. பாலியல் வழக்கில் வெளியாட்களை நீதிபதி வெளியேற்றலாம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம்.

ஆகவே பெற்றோருக்கு: பிள்ளை சொன்னதும் சொன்ன சொற்களையே திகதியோடு எழுதி வையுங்கள். அயலவர் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை "பாலியல் துஷ்பிரயோகம்" என்று கூண்டில் சொன்னால், உண்மைக் கதையும் ஊட்டிய கதை போலாகிவிடும். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். பொலிஸில் அசட்டை கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐ அழையுங்கள். பிள்ளையின் சொல்லுக்கு உரிய எடை நீதிபதியின் மேசைக்கு வரும் முன்பே கூடவோ குறையவோ செய்கிறது. அந்த இடைவெளியில் அதைத் தொடுகிற கைகள் எல்லாம் பெரியவர்களின் கைகள்.

அடுத்த வாரம்: குற்றம் நிரூபணமான பின் தண்டனை. சட்டம் விதித்த குறைந்தபட்சச் சிறைக்காலம் நீதிபதியைக் கட்டிப்போடுமா என்று 2008இல் உயர் நீதிமன்றத்துக்குப் போன கேள்வியைப் பார்ப்போம்.

(தொடரும்)