ஆய் வேளிர்: ஆட்சி பெற்றதும் காத்ததும்

திருவனந்தபுரத்து வலியசாலை என்னும் பெயர் ‘பெரிய சாலை’ எனப் பொருள்படும். இங்குச் சாலை என்பது வண்டி செல்லும் வழியன்று. மாணவர் தங்கி உண்டு கற்ற கல்விநிலையம். சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தே இருந்தது என ஆய்வாளர் பலர் கருதுவர். இப்பகுதி முற்காலத்தில் ஆய் வேளிரின் நாட்டைச் சேர்ந்தது.

மாணவர்களே! சங்ககாலத் தமிழகத்தை ஆண்டவர் மூவேந்தர் மட்டும் அல்லர். அவர்களுக்கு அடுத்த நிலையில் வேளிரும், அதற்கும் அடுத்த நிலையில் சீறூர் மன்னரும் இருந்தனர். வேந்தர்க்கிருந்த பெரும்படை வேளிர்க்கு இல்லை. அவ்வாறாயின் மக்கள் அவர்களைத் தலைவராக ஏற்றது ஏன்? பொதியில் மலையை ஆண்ட ஆய் அண்டிரனைக் கொண்டு இதனை அறியலாம்.

முதலாவது, வளம். பொதியில் மலை சந்தனத்துக்கும் யானைக்கும் பெயர்பெற்றது. மலைவளம் யார் கையில் இருந்ததோ, அவரிடமே பிறர்க்கு வழங்கும் பொருளும் இருந்தது.

இரண்டாவது, போர். ஆய் கொங்கரை மேலைக்கடல் வரை துரத்தியதை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடியுள்ளார். பகைவரிடமிருந்து காக்க வல்லவனையே குடிகள் நாடினர்.

மூன்றாவது, கொடை. ஆய் யானைகளை வாரி வழங்கியதால் அவற்றைக் கட்டிய தறிகளில் காட்டு மயில்கள் தங்கின என்கிறார் அப்புலவர். பெற்றவர் வெறுங்கையோடு இருந்துவிடுவதில்லை. வீரர் போரிலும் பாணரும் புலவரும் பாட்டிலும் அக்கடனைத் தீர்த்தனர்.

நான்காவது, தெய்வத் தொடர்பு. நாகம் தந்த அரிய ஆடையை ஆய் ஆலமரத்துக் கடவுளுக்கு அளித்தான் எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. இத்தகைய செய்திகள் தலைவனைப் பிறரினும் உயர்ந்தவனாகக் காட்டின.

ஆயினும் இவ்வாட்சிக்கு ஒரு குறை உண்டு. கொடை நின்றால் பற்றும் தளரும். வலியவர் சூழ்ந்தால் நாடும் போகும். மூவேந்தர் முற்றுகையிட்ட பறம்புமலைத் தலைவன் பாரியின் முடிவு இதற்குச் சான்று.

பிற்கால ஆய் மன்னர் வேறு வழியை மேற்கொண்டனர். கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் சாலையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அச்சாலையில் 95 மாணவர்க்கு இடம் இருந்தது. அதற்குரிய நிலக்கொடை செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. அவனுக்குப் பின் ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன் தன் குலத்தை யாதவர் வழியினதாகக் கூறிக்கொண்டான். அன்றாடக் கொடையின் இடத்தை நிலையான நிலக்கொடையும், புலவர் பாட்டின் இடத்தைச் செப்பேடும், வெற்றிப்புகழின் இடத்தைக் குலப்பெருமையும் பெற்றன. இவ்வாறு நாட்டில் சாலைகள் பெருஞ்சிறப்பு எய்தின. முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் பெற்ற வெற்றியைத் தன் மெய்க்கீர்த்தியில் பொறித்தான்.

இவற்றைக் கற்கும்போது ஒன்றை மறத்தலாகாது. பாட்டில் ஒலிப்பது பரிசு பெற்றவர் குரல். செப்பேட்டில் ஒலிப்பது கொடுத்தவர் குரல். மலையில் சந்தனம் வெட்டியவரும் யானை பிடித்தவரும் வயலில் உழுதவரும் தம் தலைவரைப் பற்றி என்ன எண்ணினர் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. வரலாறு கற்போர் அக்குரலையும் தேடுதல் வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக:

1. கொடை ஒரு தலைவனின் ஆட்சிக்கு எவ்வாறு துணை செய்தது?

2. ஆய் அண்டிரனும் கருநந்தடக்கனும் ஆட்சியை நிலைநிறுத்திய முறைகளை ஒப்பிடுக.

3. நீங்கள் வாழும் பகுதியின் பெயர்க்காரணத்தை முதியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.