மகப்பேற்றுக்கு உதவும் வைத்தியம்



மணமாகி ஓராண்டு கழிந்ததும் உற்றார் பார்வை மணமகளின் வயிற்றின்மீது விழுவது நம்மவர் வழக்கம். பிள்ளை பிறவாவிடின் 'மலடி' என்னும் பழிச்சொல் அவளுக்கே உரியதாகின்றது. 'மலடன்' என்ற சொல் அகராதியில் உண்டாயினும், ஊர்வாய் அதனை உச்சரிப்பது அரிது. விஞ்ஞானம் இவ்வோரவஞ்சனையை ஏற்பதில்லை. குறை பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், எவ்வளவு ஆராய்ந்தும் காரணம் புலப்படாமலும் போகலாம்.

கருத்தடை எதுவுமின்றி ஓராண்டுக் காலம் கூடி வாழ்ந்தும் கருத்தரியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயெனவே கொள்கின்றது. வளர்ந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலைக்கு ஆளாகின்றனர் என அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. எனவே இஃது எங்கோ ஒரு வீட்டின் துயரன்று.

இதற்குரிய சிகிச்சை படிப்படியானது. சூலகத்திலிருந்து முட்டை ஒழுங்காக வெளிவராவிடின் மாத்திரைகளால் அதனைத் தூண்டுவர். அடுத்த படியாக, கணவனின் விந்தைச் சுத்திகரித்து உரிய நாளில் கருப்பையினுட் செலுத்துவர். இவையும் பயன்தராதவிடத்து, முட்டையை வெளியே எடுத்து விந்துடன் சேர்த்து, உருவாகும் முளையத்தைக் கருப்பையில் இடுவர். 'சோதனைக்குழாய்க் குழந்தை' என மக்கள் இதனை அழைப்பினும், கருக்கட்டல் நிகழ்வது சிறியதொரு தட்டிலேயாம்.

இம்முறையால் உலகில் முதன்முதற் பிறந்த குழந்தை லூயிஸ் பிறவுண். 1978 யூலை 25இல் இங்கிலாந்தின் ஒல்தாம் நகரில் அக்குழந்தை பிறந்தது. தாயின் பலோப்பியன் குழாய்கள் அடைபட்டிருந்தன. றொபேட் எட்வேட்ஸ் என்னும் விஞ்ஞானியும், பற்றிக் ஸ்ரெப்ரோ என்னும் வைத்தியரும், ஜீன் பேடி என்னும் தாதியும் பல்லாண்டுகள் உழைத்து இவ்வெற்றியைக் கண்டனர். எட்வேட்ஸுக்கு 2010இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஏனைய இருவரும் அதற்கு முன்னரே மறைந்துவிட்டனர். விந்துயிர் ஒன்றையே நுண்ணூசியால் முட்டைக்குட் செலுத்தும் முறையின் வெற்றியை 1992இல் பெல்ஜியத்து ஆய்வாளர் அறிவித்தபின், ஆண்களின் குறைக்கும் பெருவழி திறந்தது.

இனி, இச்சிகிச்சை யாருக்குக் கிட்டும்? இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயதெல்லை வகுத்தது. மணமான தம்பதியருக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் அச்சட்டம் இடமளித்தது. தனித்த ஆணுக்கு இடமளிக்கவில்லை. இங்கிலாந்தில் 2013இல் வெளியான வழிகாட்டல், நாற்பது வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு அரச செலவில் மூன்று முறை சிகிச்சை அளிக்குமாறு பரிந்துரைத்தது. ஆயினும் பணத்தைப் பங்கிடும் பொறுப்பு அந்தந்தப் பகுதியின் சுகாதார அமைப்பிடம் இருந்தமையால், ஓரூரில் மூன்று முறை கிடைத்தது மற்றோரூரில் ஒரு முறையே கிடைத்தது. சட்டம் திறந்த கதவைப் பணம் அடைத்துவிடுதலும் உண்டு. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் சிகிச்சைக்குச் செல்வோர், ஒரு முறையிலேயே பலன் உறுதியென எவரும் கூறவியலாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டத்தினும் பணத்தினும் கண்டிப்பானது வயது. முப்பத்தைந்துக்குப் பின் பெண்ணின் முட்டைகள் எண்ணிக்கையிலும் தரத்திலும் விரைந்து குறைகின்றன. அவ்வயதினர் ஆறு மாதம் பார்த்தபின் வைத்தியரை நாடுதல் நன்று. நேர்த்திக்கடனும் விரதமும் மனத்துக்கு ஆறுதல் தரலாம். அவற்றின் பொருட்டு ஆண்டுகளைக் கழியவிடுதல் தகாது.

எல்லாவற்றிற்கும் முதலாக, கணவனும் மனைவியும் ஒருமித்தே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஆணுக்குரிய முதற் பரிசோதனை மிக எளிது, கத்தியுமில்லை, நோவுமில்லை. அதற்கு நாணி அவன் பின்னிற்க, அவள் மட்டும் ஆண்டுக்கணக்கில் மருந்துண்பது அறமாகாது.