கேள்வியோடு வந்தவர்களின் பள்ளி

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1920 அக்டோபரில் ஒரு பள்ளி தொடங்கியது. சேர்வதற்குத் தகுதி எதுவும் கேட்கவில்லை; தேர்வும் பட்டமும் கிடையாது. ‘சுதந்திர யூதக் கல்வி இல்லம்’ என்ற பெயரில் இயங்கிய அந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் பெரியவர்கள். ஹீப்ரு மொழி, பைபிள், யூதச் சிந்தனை, வரலாறு ஆகியவற்றைக் கற்க வந்தார்கள். சொந்த மரபைப் பற்றி எதுவும் தெரியாமல் வளர்ந்த ஒருவருக்கு அதை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது? அந்தப் பள்ளி கண்ட விடை, உலகெங்கும் யூதர்களின் முதியோர் கல்வி வகுப்புகளில் இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது.

எப்படி வந்தது இந்த இடைவெளி?

1871இல் ஜெர்மனி ஒரே நாடானபோது, அங்கிருந்த யூதர்களுக்குச் சட்டப்படி சம உரிமை உறுதியானது. மருத்துவம், சட்டம், இதழியல், வணிகம் என எல்லாத் துறைகளிலும் அவர்கள் முன்னேறினார்கள். ஆனால், ஓரிரு தலைமுறைக்குள் பல வீடுகளில் ஹீப்ரு வழக்கொழிந்துபோனது. 13 வயதில் நடக்கும் ‘பார் மிட்ஸ்வா’ சடங்குக்காகச் சிறுவர்கள் சில பகுதிகளை உருப்போடுவார்கள். பலருடைய சமயக் கல்வி அத்தோடு முடிந்துவிடும். காண்ட்டையும் கெதேயையும் கரைத்துக் குடித்த ஒரு வழக்கறிஞருக்குத் தன் தாத்தா படித்த நூலின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கத் தெரியாத நிலை உருவானது.

பள்ளியை நடத்திய ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் இப்படி வளர்ந்தவர்தான். 1886இல் காசெல் நகரில் பிறந்து வரலாறும் தத்துவமும் படித்த அவர், 1913இல் கிறிஸ்தவத்துக்கு மாறும் முடிவில் இருந்தார். அதே ஆண்டு அந்த முடிவைக் கைவிட்டு, யூதராகவே வாழ்வது என்று தீர்மானித்தார். பெர்லினில் தத்துவ அறிஞர் ஹெர்மன் கோஹனிடம் கற்றார். முதல் உலகப் போரில் பால்கன் போர்முனையில் இருந்தபடி, அஞ்சல் அட்டைகளில் எழுதித் தாய்க்கு அனுப்பத் தொடங்கிய குறிப்புகள் 1921இல் ‘மீட்பின் விண்மீன்’ என்ற பெரும் தத்துவ நூலாக வெளிவந்தன. தத்துவ அறிஞர் ஹெகலைப் பற்றிய ஆய்வாளராகப் பெயர்பெற்ற அவரைப் பல்கலைக்கழகப் பணி தேடிவந்தது. அதை மறுத்துவிட்டுத்தான் ஃபிராங்க்ஃபர்ட் பள்ளியை ஏற்றார்.

திசை மாறிய கல்வி

பழைய யூதக் கல்வி யூத வேதமான தோராவில் தொடங்கி வாழ்க்கையை நோக்கிச் செல்லும். சிறுவயதிலேயே வேதம் மனதில் பதிந்துவிடும். உலகம் பிறகுதான் அறிமுகமாகும். ரோசன்ஸ்வைக் தன் தொடக்க உரையில் இந்தத் திசையைத் திருப்பினார். இன்றைய மனிதர் உலகத்துக்குள்தான் இருக்கிறார். தோராவுக்கு அவர் வெளியாள். ஆகவே, வாழ்க்கையிலிருந்து தோராவை நோக்கி நடக்கும் கல்விதான் அவருக்குப் பொருந்தும் என்றார்.

இந்தப் பார்வையில் அறியாமை வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. கல்வி தொடங்கும் இடமே அதுதான். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்ததிலும் இந்தத் துணிவு தெரிந்தது. பைபிள் வகுப்பு எடுத்த எடுவர்ட் ஸ்ட்ராஸ் ஒரு வேதியியலாளர். இன்னோர் ஆசிரியரான ரிச்சர்ட் கோக் மருத்துவர். தாங்களே அண்மையில் கற்கத் தொடங்கியவர்களால்தான் புதிதாக வருபவரின் தடுமாற்றத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்று ரோசன்ஸ்வைக் நம்பினார். ஆயத்த விடைகளோடு வருபவர் அங்கே நல்ல ஆசிரியர் அல்ல. மாணவரின் கேள்வியால் தானும் யோசிக்கத் தொடங்குபவரே ஆசிரியர்.

உரையும் வட்டமும்

வகுப்புகள் இரண்டு விதமாக நடந்தன. பொது உரைகள் பெரிய கூட்டத்தை ஈர்த்தன. மூல நூல்களை வரி வரியாகப் படித்து விவாதிக்கும் சிறு வட்டங்களில்தான் உண்மையான கற்றல் நடந்தது. 1922 தொடக்கத்தில் யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் இங்கே ஆற்றிய உரைகளில் உருவான சிந்தனைகள், அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய ‘நானும் நீயும்’ நூலில் இடம்பெற்றன. யூத மறைஞான ஆய்வின் முன்னோடியான கெர்ஷோம் ஷோலெம், 1923இல் ஜெருசலேமுக்குக் குடிபெயர்வதற்கு முன் சிறு குழுக்களுடன் மூல நூல்களைப் படித்தார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற உளவியலாளர் எரிக் ஃப்ராமும், பெண்ணுரிமைக்காக உழைத்த பெர்த்தா பாப்பன்ஹைமும் இங்கே உரையாற்றினார்கள். 1922-23இல் பள்ளி உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 1,100 பேர் பதிவு செய்திருந்தார்கள்.

1922இல் ரோசன்ஸ்வைக்கைத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் தாக்கியது. கைகளும் குரலும் முடங்கிப்போயின. அவர் ஒவ்வோர் எழுத்தாகக் குறிப்புக் காட்ட, மனைவி எடித் சொற்களைச் சேர்த்து எழுதினார். அந்த நிலையிலும் 1925 முதல் பூபருடன் சேர்ந்து ஹீப்ரு பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1929இல், 43ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு காலமானார். அந்த மொழிபெயர்ப்பை பூபர் 1961இல் முடித்தார்.

நெருக்கடியில் மறுபிறப்பு

1920களின் இறுதியில் பள்ளியின் வேகம் குறைந்து, வகுப்புகள் நின்றுபோயின. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் அரசுப் பணிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பூபர் பள்ளியை மீண்டும் திறந்தார். ‘நீ யாருமில்லை’ என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தங்கள் மூதாதையரின் நூல்களைப் படிப்பது அம்மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் வழியானது. பூபர் பொதுமேடைகளில் பேசுவதற்கு 1935இல் தடை வந்தது. 1938 மார்ச்சில் அவர் ஜெருசலேமுக்குச் சென்றார். அந்த நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூத வழிபாட்டிடங்கள் தீக்கிரையாக்கப்பட்டபோது, பள்ளியும் முடிவுக்கு வந்தது. ஆனால், கல்வி நிற்கவில்லை. புதிதாகக் குடியேறிய பெரியவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயார்செய்ய, பூபர் 1949இல் ஜெருசலேமில் ஒரு பயிற்சிக்கூடத்தை நிறுவினார்.

இன்றைய வடிவங்கள்

1980இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘லிம்முட்’ இயக்கம் ஃபிராங்க்ஃபர்ட் பள்ளியின் உணர்வுக்கு மிக நெருக்கமானது. தன்னார்வலர்கள் நடத்தும் அதன் கூட்டங்களில் பெயர் அட்டையில் பேராசிரியர், ரப்பி (யூத மதகுரு) என்ற பட்டங்கள் இருக்காது. ஓர் அமர்வில் கற்பிப்பவர் அடுத்த அமர்வில் மாணவராக உட்காருவார்.

வைதீக யூத மரபினரிடையே பிறந்த முறை வேறு. 1923இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் ரப்பி மேயர் ஷபீரோ முன்மொழிந்த ‘டாஃப் யோமி’ திட்டப்படி, உலகெங்கும் உள்ளவர்கள் யூதச் சட்ட விளக்கங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதை ஒரே நாளில் ஒரே தாள் என்று படித்துவருகிறார்கள். 2,711 தாள்களை முடிக்க ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் ஆகும். 14ஆவது சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே பத்தியை உரக்கப் படித்து வாதிடும் ‘ஹவ்ருதா’ முறையும் இன்று முதியோர் வகுப்புகளில் பரவலாக இருக்கிறது. அதில் எதிரே இருப்பவர் மறுத்துப் பேசுவதே படிப்பின் பகுதி.

இந்த முறைகளுக்குள் வேறுபாடுகள் பல உண்டு. ஆனால், கல்வி சிறுவயதோடு முடிந்துவிடுவதல்ல, நூலைத் திறக்க யாரும் அனுமதி பெற வேண்டியதில்லை என்பதில் எல்லாம் ஒன்றுபடுகின்றன. குழந்தைகளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து எந்த மரபையும் காப்பாற்றிவிட முடியாது. பெரியவர்கள் கூச்சமின்றி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்காரும் ஓர் இடம் அதற்கு வேண்டும். தன் வேர்களிலிருந்து விலகிப்போன எந்தச் சமூகமும் முதலில் திறக்க வேண்டியது அத்தகைய வகுப்பறையைத்தான்.